கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட இங்கிலீஷ்

நவம்பர் 5, புதன்

விடிஞ்சதுல இருந்து தூறல். மாடியில காயப்போட்ட சட்டை மறுபடியும் ஈரம்.

யூடியூப்காரன் ஒருத்தன் சொன்னான், இங்கிலீஷ் வரணும்னா தினம் இங்கிலீஷ்ல டைரி எழுதுங்க, தானா நாக்கு திரும்பும்னு. சரின்னு கம்பெனி என்னைக்கோ குடுத்த டைரியைத் தூசி தட்டி எடுத்தேன். டுடே ரெய்ன் இஸ் கமிங். ஐ ஆம் ஈட்டிங் இடியாப்பம். அவ்வளவுதான். மூணாவது வரிக்கு வார்த்தையைக் காணோம். யாரு கண்லயாவது பட்டா மானம் போயிரும்னு பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டாச்சு. டைரியாவது தமிழ்ல இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. தோஹாவுல ஒரு கம்பெனி, குடோன் இன்சார்ஜ் வேலை, வீடியோ கால்ல கேப்பாங்களாம். இங்கிலீஷ் சரளமா வரணும்னு விளம்பரத்துல தடி எழுத்துல போட்டிருக்கான். ஷார்ஜாவுல குடோன்லயே கெடந்து தலை நரைச்சவன் நான். சரக்குன்னா கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லுவேன். ஆனா அங்கன பேசுனது இந்தி, மலையாளம், ஊடால கொஞ்சம் அரபி. அது இங்கன செல்லாது. ஏஜென்ட் என்னை அண்ணன் முறையில காக்கான்னு கூப்பிட்டுச் சொல்றாரு, "நாலு வெயிட்டான வார்த்தை விடுங்க காக்கா, அசந்துருவாங்க."

வெயிட்டான வார்த்தை எல்லாம் ரிஃப்காகிட்ட இருக்கு. மக. ஏழாங் கிளாஸ். ஸ்கூல்ல ஏதோ வொகாபுலரி போட்டியாம், ஒரு கட்டு கார்டு வச்சிருக்கா. முன்பக்கம் சொல், பின்பக்கம் அர்த்தம், ஏ, பி, சின்னு வரிசையா. அவ ஸ்கூலுக்குக் கெளம்புன பிறகு நான் எடுத்து வச்சுக்கிட்டு உக்காருறது. திரும்ப அதே வரிசையில அடுக்கி வைக்கணும், இல்லாட்டி கண்டுபிடிச்சுருவா.

இன்னைக்கு:
அமீலியரேட் – மோசமா கெடக்கிறதைக் கொஞ்சம் தேவலாம்னு ஆக்குறது
பெனவலன்ட் – நல்ல மனசுக்காரன்
காண்டிட் – உள்ளதை உள்ளபடி பேசுறது
டிலிஜென்ட் – கருத்தா வேலை பாக்குறவன்

நாலுக்கே மண்டை காயுது.

காலையில பசியாற இடியாப்பமும், ஊத்திக்க எறா ஆணமும். தட்டுல எனக்கு மட்டும் ரெண்டு முட்டை, மாமி, பொண்டாட்டியோட உம்மா, உள்ள இருந்து அவிச்சு அனுப்புனது. சம்பளம் அனுப்பிக்கிட்டு இருந்த காலத்துல லீவுக்கு வந்தா ஒரு முட்டைதான். கம்பெனியை மூடிட்டு எங்களை அனுப்பி வச்சு, நோன்பும் போயி ஹஜ்ஜுப் பெருநாளும் போயிருச்சு. இப்ப ரெண்டு முட்டை, வேலை போனவன் மனசு நோகக் கூடாதுன்னு. ஒண்ணைத் திருப்பி அனுப்பலாம்னு பாத்தேன். அதுக்கு ஒரு பேச்சு வரும். தின்னுட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்ல. புழுக்கம்.

எஃபிமெரல் – கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிருறது
மெட்டிகுலஸ் – ஒண்ணு விடாமப் பாத்துப் பாத்துச் செய்யிறவன்
டெனேஷியஸ் – புடிச்சா விடாதவன்
யுபிக்விட்டஸ் – எங்க பாத்தாலும் இருக்கிறது. (இந்த வீட்டுல மாமியோட காது.)

அப்படி எழுதக் கூடாது. அவங்க பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்காங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் முன்னாடி வந்து நின்னது கிடையாது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுதான் பேச்சு. அதுவும் "மாப்பிள்ளைகிட்டச் சொல்லு"ன்னு ஜொஹரா மூலமா. (இனிமே ஜொ. பொண்டாட்டி பேரை முழுசா எழுத வெக்கமா இருக்கு, இந்த வயசுல.)

மதியம் உம்மாவைப் பாக்கப் போனேன். உம்மா வீடுன்னு சொல்றது வழக்கம், அது தங்கச்சி வீடு. நம்ம கீழக்கரையில பொண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் அங்கன குடி போகணும். தங்கச்சி மாப்பிள்ளை சோபாவுல சாஞ்சுக்கிட்டு டிவி பாக்குறாரு. நான் போனதும் எந்திரிச்சு, "வாங்க மச்சான், உக்காருங்க"ன்னு மரியாதை. நான் பொறந்த வீட்டுல என்னை உக்காரச் சொல்றாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல.

அங்கன விருந்தாளி. இங்கன மாப்பிள்ளை. ஷார்ஜா ரூம்ல மேல் கட்டில் ஒண்ணு இருந்துச்சு, எனக்குன்னு இருந்தது அதுதான். கையில சம்பளம் இருந்த வரைக்கும் இதெல்லாம் தோணவே இல்ல.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்மாவுக்குப் போயிட்டு வந்தேன். பள்ளி வாசல்ல செருப்பு மாட்டுறதுக்குள்ள மூணு பேரு.

"எப்ப வந்தீக?"
"எப்ப பயணம்?"
"இன்னும் போகலையா?"

ஊர்ல வெள்ளை வேட்டி கட்டுன எந்த ஆம்பளையைப் பாத்தாலும் இதைத்தான் கேப்பாங்க. நானும் வருசா வருசம் கேட்டிருக்கேன். கேக்கும்போது சோறு தின்னீகளான்னு கேக்குற மாதிரி இருக்கும். இப்பத்தான் தெரியுது எப்படிச் சுடும்னு. "அடுத்த மாசம், இன்ஷா அல்லாஹ்"ன்னு சொல்லிட்டு வந்தேன். அல்லாஹ் பேரை நடுவுல போட்டா பொய் உண்மையாயிருமா? யா அல்லாஹ், மன்னிச்சுக்க.

சாயங்காலம் ரிஃப்காகிட்டயே சொல்லிட்டேன், என்னைக் கேள்வி கேளு புள்ளைன்னு. கார்டு கலைஞ்சிருந்ததை ஏற்கெனவே கண்டுபிடிச்சிருக்கா, கழுதை. சிரிச்சா. உக்காந்து ஒவ்வொண்ணாக் கேட்டா. அர்த்தம் சொல்லிட்டேன், வாக்கியத்துல வைக்கச் சொன்னா முழிக்கிறேன்.

"வாப்பா, நீங்க போன்ல எனக்குக் குடோன் கதை சொல்லுவீங்கள்ல. அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ்ல சொல்லிறலாமே. நல்லா இருக்கும்."

"குடோன் கதையைக் கேட்டுட்டா வேலை குடுப்பான்? பெரிய மனுசி மாதிரிப் பேசாத. அடுத்த கார்டைக் கேளு."

கேட்டா. சத்தம் இறங்கிப்போயி. அதுக்கப்பறம் சிரிக்கல. ஏன் அப்படி எரிஞ்சு விழுந்தேன்னு தெரியல. பன்னெண்டு வயசுப் பிள்ளை எனக்கு வழி சொல்லுதேன்னு ஒரு எரிச்சல், அதான். போட்டி அவளுக்கு, கார்டு அவளுது, நேரம் அவளுது. ஏச்சும் அவளுக்கு.

நவம்பர் 9, ஞாயிறு

வீட்டுல வாய்விட்டுச் சொல்லிப் பாக்க முடியல. கடல் பக்கம் ஜெட்டிப் பாலத்துக்குப் போயிட்டேன். கடல் கலங்கி சாயத் தண்ணி மாதிரி. போட் எதுவும் கடலுக்குப் போகல. உச்சிப்புளிப் பக்கமிருந்து நேவி ஹெலிகாப்டர் ஒண்ணு தாழ வந்துட்டுப் போச்சு, அந்த இரைச்சல்ல நல்லாக் கத்திச் சொல்லிக்கிட்டேன். ஐ ஆம் மெட்டிகுலஸ் மேடம். ஐ ஆம் டெனேஷியஸ் மேடம். ஹெலிகாப்டர் போன பிறகும் அதே சத்தத்துல இருந்திருக்கேன்.

வலை பிரிச்சுக்கிட்டிருந்த ரெண்டு பேரு:

"ஏலே, யாரு அது? ஓதுறாரா?"
"இல்லண்ணே, போன்ல பேசுறாரு போல."
"கையில போனைக் காணோமே?"
"காதுல மாட்டியிருப்பாரு, விடுங்க."

காதுல ஒண்ணும் இல்ல. சட்டுன்னு கையைக் காதுல வச்சுக்கிட்டு, "ஓகே ஓகே, பை"ன்னுட்டு எந்திரிச்சு வந்தேன். நடிப்பு மட்டும் எங்க இருந்துதான் வருதோ.

நவம்பர் 10, திங்கள்

நாளைக்கு. பதினொரு மணி.

மாமி வீட்டையே பட்டாளம் மாதிரி ஆக்கிட்டாங்க. கதவுக்குப் பின்னால இருந்து ஒவ்வொண்ணா உத்தரவு: "மோட்டரை விடியக்காலமே போட்டுரு. மிக்சி ஓடக்கூடாது. கோழியைப் பின்கட்டுல அடை. மீன்காரனை நாளைக்குத் தெருவுக்குள்ள வரவேணாம்னு சொல்லு. மைமூன்கிட்ட டிவியைக் கம்மியா வைக்கச் சொல்லிட்டேன்." மைமூன் ராத்தா பக்கத்து வீட்டு அக்கா. அவங்களுக்குச் சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி. கடைக்குப் போனா பால்காரர் கேக்குறாரு, "நாளைக்கு இன்டர்வியூவாமே காக்கா?"

யாரையும் எதுவும் செய்யச் சொல்லாதேன்னு ஜொ.கிட்டச் சொன்னேன்.

"உம்மா நேர்ந்திருக்காங்க மச்சான். வேலை கெடைச்சா தொதல் கிண்டி அக்கம்பக்கம் குடுக்குறதா. நீங்க பேசாம இருங்க."

முன்ரூம்ல நாற்காலி, பின்னால சுவத்துல நல்ல போர்வை ஒண்ணு ஆணி அடிச்சுத் தொங்குது, கறை தெரியக் கூடாதுன்னு. நீலச் சட்டை. ஜொ. ரெண்டு தடவை தேச்சா. கீழ கைலிதான், கேமராவுல தெரியாதுல்ல.

நவம்பர் 11, செவ்வாய்

மழைக்கு ஸ்கூல் லீவு. ரிஃப்கா வீட்டுல.

மூணு தடவை பேனாவை எடுத்து வச்சாச்சு. எழுதித்தான் ஆகணும், இல்லாட்டி உள்ளுக்குள்ளயே அழுகும்.

பதினொண்ணுக்குச் சரியா கால் வந்துச்சு. ஒரு லேடி. கண்ணாடி, தலையில ஸ்கார்ப், தன்மையான முகம். குட் மார்னிங் எல்லாம் நல்லாத்தான் போச்சு. உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்கன்னாங்க. ஐ ஆம் டிலிஜென்ட், மெட்டிகுலஸ், டெனேஷியஸ், பெனவலன்ட் அப்படின்னு அடுக்குனேன். லேசாச் சிரிச்சாங்க. ஓகேன்னாங்க. அப்பறம் நிதானமா ஒரு கேள்வி: ஒரு லாரி வருது, சரக்கு எண்ணிப் பாத்தா குறையுது, என்ன செய்வீங்க?

இதைவிட எனக்குத் தெரிஞ்ச கேள்வி உலகத்துல இருக்கா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கை தானா எண்ண ஆரம்பிச்சுரும். ஆனா வாய் வரல. இந்தப் பதிலுக்கு எந்தக் கார்டுன்னு மண்டைக்குள்ள தேடுறேன். ஐ வில் அமீலியரேட்னேன்.

ஹௌ-ன்னாங்க.

வித் டெனேஷியஸ்-னேன்.

அவங்க கோவிக்கல. கோவிச்சிருந்தாத் தேவல. "இட்ஸ் ஓகே, யூ கேன் ஸ்பீக் சிம்ப்ளி"ன்னாங்க. சாதாரணமாப் பேசுங்கன்னுதான் சொன்னாங்க. சாதாரண இங்கிலீஷும் அந்த நேரத்துக்கு வரல. மை வேர்ஹவுஸ் இஸ் யுபிக்விட்டஸ்னேன். எதுக்குச் சொன்னேன்னு படைச்சவனுக்குத்தான் தெரியும். தேங்க்யூ, பிறகு சொல்றோம்னு சொல்லி வச்சுட்டாங்க. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகல.

வீடு அப்படி ஒரு அமைதி. மோட்டர் இல்ல, மிக்சி இல்ல, கோழிச் சத்தம் இல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் ஆளுங்க நிக்கிறது தெரியுது, மூச்சு விடாம. இதுக்குள்ள எந்திரிச்சு வெளிய போனா என்ன சொல்றது? போன்ல என் மூஞ்சிகூட இல்ல, கருப்பா இருக்கு. அதைப் பாத்துக்கிட்டே பேச ஆரம்பிச்சுட்டேன். யெஸ் மேடம். ஷ்யூர் மேடம். அமீலியரேட், பெனவலன்ட், காண்டிட், டிலிஜென்ட், கார்டு வரிசையிலயே, ஊடால நாலு ஐ ஆம், நாலு வெரி குட். கேள்வி கேட்டு முடிக்கிற மாதிரி நிறுத்தி, தலையாட்டி. ஒரு எடத்துல சிரிச்சேன். அந்த லேடி ஏதோ தமாசு சொன்ன மாதிரி சத்தமாச் சிரிச்சேன். அரை மணி நேரம் இழுத்தேன்.

பேசுனதுகூடப் பரவாயில்ல. அந்தச் சிரிப்புதான் இன்னும் காதுல நிக்குது. சீ.

கதவைத் திறந்தா ஜொ. "என்னாச்சு மச்சான்?"

"நல்லாப் போச்சு. சொல்லி அனுப்புவாங்க."

உள்ள மாமி "அல்ஹம்துலில்லாஹ்"னாங்க. ரிஃப்கா உம்மம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு என்னையே பாத்தா. நான் நேரா குளிக்கப் போயிட்டேன்.

நவம்பர் 12, புதன்

வெயில். வீடு முழுக்கத் தேங்காய்ப்பால், கருப்பட்டி வாசம்.

தொதல் கிண்டுறாங்க. மாமிக்கு முட்டிவலி, நின்னா பத்து நிமிசம் தாங்காது. ஆனா அந்தப் பெரிய சட்டிக்கு முன்னால நின்னு அவங்களே துடுப்பு போடுறாங்களாம், நேர்ந்தது அவங்களாம். தொதல்னா அல்வா மாதிரி கிண்டிக்கிட்டே இருக்கணும், விட்டா அடி பிடிச்சுரும்.

ஜொ.கிட்டப் போயி, "இன்னும் கெடைக்கலையே, சொல்லி அனுப்புறோம்னுதானே சொன்னாங்க"ன்னேன்.

"அதான் எப்ப வர முடியும்னு கேட்டுட்டாங்கள்ல. பெறகென்ன? பயந்து சாகாதீங்க."

எப்ப வர முடியும்னு யாரு கேட்டா? நான் அப்படிச் சொல்லவே இல்லையே. கேக்கலாம்னு வாயெடுத்தேன், ஜொ. தட்டுகளைத் துடைச்சுக்கிட்டே ஏதோ முணுமுணுன்னு பாடுறா. இந்த வருசத்துல இப்பத்தான் பாடுறா. வாயை மூடிக்கிட்டேன்.

தெரு பூரா தட்டு போச்சு. தங்கச்சி வீட்டுக்கும் போச்சு. உம்மா போன் பண்ணி அழுதாங்க, சந்தோசத்துல. எனக்கு ஒரு துண்டு வச்சாங்க. நெய் கையில ஒட்டுச்சு. முழுங்க முடியல, முழுங்குனேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு மைமூன் ராத்தா, தட்டைச் சும்மா திருப்பக் கூடாதுன்னு சீனி போட்டுக் கொண்டுவந்தாங்க. கூடவே ஒரு கவர். மகன் பயோடேட்டா.

"தம்பி, உங்களைத்தான் நம்பியிருக்கேன். நீங்க போனதும் அங்கன ஒரு வார்த்தை சொல்லுங்க. பரமக்குடியில ஒரு ஜவுளிக்கடையில ஆள் கேட்டாங்க, நீங்க இருக்கீங்கன்னு வேணாம்னு சொல்லிட்டேன்."

"அவசரப்பட்டு வேணாம்னு சொல்லாதீங்க ராத்தா."

"சொல்லிட்டேனே."

கவரை வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டேன்! கை நீண்டுச்சு, வாங்கிருச்சு. இனிமே என் பொய் இந்த வீட்டுக்குள்ள மட்டும் இல்ல.

நவம்பர் 13, வியாழன்

காலையில ஜொ. பக்கத்துல வந்து உக்காந்தா. சும்மா உக்கார மாட்டா.

"மச்சான், ஒண்ணு சொல்லவா? நீங்க அங்கன இப்படி இருந்தீகன்னு எனக்குத் தெரியாது."

"எப்படி?"

"அன்னைக்கு அந்த மேடத்துகிட்டச் சொன்னீகள்ல. சரக்குக் குறைஞ்சா லாரிக்காரனை எடுத்த எடுப்புல கள்ளன்னு சொல்ல மாட்டேன், உக்கார வச்சு தண்ணி குடுத்துட்டு மறுபடி எண்ணுவேன், ஏத்தி விட்ட எடத்துக்குப் போன் போட்டுக் கேப்பேன், பெறகுதான் எழுதுவேன்னு. மத்தியான வெயில்ல யாரையும் சுமக்க விடமாட்டேன், மேனேஜர் ஏசுனாலும் பரவாயில்லன்னு. உம்மா அதைக் கேட்டு அழுதுட்டாங்க. இப்படி ஒரு மாப்பிள்ளையை வீட்டுல வச்சுக்கிட்டு, வேலையில்லையேன்னு மனசுக்குள்ள குறைப்பட்டேனேன்னு."

"உங்களுக்கு எப்படி…?"

"ரிஃப்காதான். மேடம் குரல் எங்களுக்குச் சரியாக் கேக்கல, இவ கதவுல காதை வச்சு நீங்க பேசப் பேசத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தா."

எந்திரிச்சு மாடிக்குப் போயிட்டேன். காத்து. கொடியில துணி அடிச்சுக்குது.

சாயங்காலம் பிள்ளை ஸ்கூல் வேன்ல வந்து இறங்குனா. மாடிப்படியில உக்காந்து ஷூ கழட்டுனா. நானும் பக்கத்துல உக்காந்தேன். அவளே ஆரம்பிச்சா.

"வாப்பா, அது பூரா என் கார்டு. ஏ-யில இருந்து வரிசையா வந்துச்சு."

அவ புத்தகப் பையை இழுத்து மடியில வச்சுக்கிட்டேன்.

"அந்த மேடம் ரெண்டு கேள்விதான் கேட்டாங்க. பெறகு அவங்க குரலே இல்ல. உங்களோடது மட்டும்தான்."

"பெறகு ஏன் புள்ளை அப்படிச் சொன்னே?"

"உம்மம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு என்ன சொல்றாரு, என்ன சொல்றாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் என்ன செய்ய? நீங்க போன்ல சொன்ன குடோன் கதையை எல்லாம் சொன்னேன். அது தீந்துபோச்சு, நீங்க நிறுத்தவே இல்ல. அப்பறம்தான் எப்ப வர முடியும்னு மேடம் கேக்குறாங்கன்னு சொல்லிட்டேன்."

நான் நிறுத்தவே இல்லையாம். உண்மைதானே, அரை மணி நேரம் அங்கன நான் உளற, இங்கன இவ பதிலுக்குப் பதில் உருப்படியா ஒண்ணு கோத்துக்கிட்டு வந்திருக்கா. நான் சொல்லியிருக்க வேண்டியதை என் பிள்ளை சொல்லியிருக்கு. நான் 'குடோன் கதையைக் கேட்டுட்டா வேலை குடுப்பான்'னு ஏசுன அதே கதை. அதைத்தான் இந்த வீடு கேட்டு அழுதிருக்கு. இதுக்குப் பெருமைப்படவா? அவளைப் பொய் சொல்ல வச்சுட்டேனேன்னு நெஞ்சு எரியுது. இது வரைக்கும் இந்த வீட்டுல அவ சொன்னா சொன்னதுதான். மருந்துச் சீட்டு, பேங்க் மெசேஜ், கரண்ட் பில்லு, இங்கிலீஷ்ல எது வந்தாலும் "ரிஃப்கா, என்ன போட்டிருக்கு?"ன்னு கூப்பிடுவாங்க. அவ சொல்றதை யாரும் மறுபடி சரிபாக்க மாட்டாங்க. சரிபாக்கத் தெரிஞ்ச ஆளும் இல்ல.

"நான் உம்மம்மாகிட்டச் சொல்லிரவா?"னேன்.

ஷூவுக்குள்ள சாக்ஸைத் திணிச்சுக்கிட்டே இருந்தா. "சொன்னா நானும் பொய்க்காரி ஆயிருவேன்ல."

"அப்ப சொல்ல வேணாமா?"

"தெரியல வாப்பா."

போட்டி நாளைக்கு. படிச்சியான்னு கேட்டேன். பேர் குடுக்கலைன்னா. அந்தக் கார்டைப் பாக்கவே புடிக்கலையாம்.

நவம்பர் 14, வெள்ளி

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கல. மெசேஜ் வந்துச்சு, வேற ஆளைப் பாத்துட்டாங்களாம். தெரிஞ்சதுதான்.

ஜும்மாவுல மனசு நிக்கல. ஒரே நெனப்பு: சொல்லணும், ஆனா பிள்ளை மாட்டக் கூடாது. தொழுகை முடிஞ்சு கை ஏந்துனப்ப முடிவு பண்ணிட்டேன், எல்லாத்தையும் என் தலையில போட்டுக்கலாம்னு. திரும்பி வார வழியில ஒருத்தர், "எப்ப பயணம்?" "இல்ல காக்கா, வேலை கெடைக்கல"ன்னேன். "அல்லாஹ் லேசாக்குவான்"னுட்டுப் போயிட்டாரு.

வீட்டுல சோறு போட்டு ரெடி. ஜொ. ஆணச் சட்டியைத் தூக்கிக்கிட்டு வாரா. வெள்ளிக்கிழமை ரிஃப்காவுக்கு அரை நாள் ஸ்கூல், அப்பத்தான் வந்திருக்கா, உள்ள உம்மம்மா பக்கத்துல. உக்காரல நான். கதவுகிட்டப் போயி நின்னுக்கிட்டேன்.

"மாமி. அந்த வேலை எனக்கு இல்ல. இன்னைக்கு நேத்து இல்ல, செவ்வாய்க்கிழமையே இல்ல. அந்த லேடி ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வச்சுட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அதுக்குப் பிறகு நான் பேசுனது பூரா வெறும் போன்ல. நீங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கீங்களேன்னு வெக்கத்துல பேசுனேன்."

ஜொ. அப்படியே நின்னுட்டா, சட்டி கையில.

நான் நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு.

"ரிஃப்கா உங்ககிட்டச் சொன்னது… அது நான் சொல்லிக் குடுத்தது. முந்தின நாளே, இப்படிச் சொல்லுன்னு அவகிட்ட நான்தான் சொல்லி வச்சேன். பிள்ளை மேல ஒண்ணும் இல்ல."

"பிள்ளைக்கா?" மாமி குரல். ஜொ. மூலமா இல்ல, யாரு மூலமாவும் இல்ல. "பிள்ளைக்கா பொய் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா மாமி."

தலையைக் குனிஞ்சு நின்னேன். நிம்மதியாக்கூட இருந்துச்சு. ஒரு நல்ல காரியம் செஞ்சுட்டேன்னு ஒரு நெனப்பு, நெசமாத்தான் எழுதுறேன், நெஞ்சுக்குள்ள ஒரு சின்னப் பெருமை.

அப்பத்தான் ரிஃப்கா.

"வாப்பா மறுபடியும் பொய் சொல்றாங்க உம்மம்மா. எனக்கு யாரும் சொல்லித் தரல. நானாத்தான் சொன்னேன்." குரல் உடைஞ்சிருச்சு. "வாப்பா வெறும் போன்ல சிரிச்சாங்க. வெளிய வந்து அழுதுருவாங்கன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் சொன்னேன்."

'மறுபடியும்'னு சொல்லுச்சு பிள்ளை.

உள்ள மாமி அழுவுறாங்களா, ஓதுறாங்களா தெரியல. ஜொ. சட்டியைக் கீழ வச்சா. என்னைப் பாக்கல. முந்தானையால கையைத் துடைச்சா, துடைச்சுக்கிட்டே இருந்தா.

"அவ சொல்றதுதான் சரி மாமி"ன்னேன்.

"மைமூனுக்கு யாரு சொல்றது?" மாமிதான்.

"நானே போறேன்."

"ஜவுளிக்கடைக்கு இன்னைக்கே போன் போடச் சொல்லுங்க. ஆள் எடுத்திருக்க மாட்டாங்க."

சரின்னேன். அலமாரியில இருந்து மைமூன் ராத்தா குடுத்த கவரை எடுத்துக்கிட்டேன். சோறு ஆறிக்கிட்டிருக்கு, யாரும் உக்காரல. வாசல் ஓரத்துச் சைக்கிள் ஷெட்டுல நின்னு இதைக் கிறுக்குறேன், மைமூன் ராத்தா தொழுது முடிக்கட்டும்னு. ரிஃப்கா தலைத்துணியைச் சரி பண்ணிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறா, கண்ணெல்லாம் சிவந்து. நானும் வாரேன்ங்கிறா. "வேண்டாம், நீ உள்ள போ"ன்னேன். கேக்கல. செருப்பு மாட்டிட்டா.